ஒரே குழியில் எட்டு பாஸ்போ புரதங்கள்: மூன்றாம் ஓட்டத்தில் ஒழுங்காக வந்த தட்டு

ஹீலா செல்களில் (ஆய்வகத்தில் வளர்க்கும் மனிதப் புற்றுநோய்ச் செல்கள்) எட்டு சமிக்ஞைப் புரதங்களின் பாஸ்பேட் ஏறிய, அதாவது தூண்டப்பட்ட, வடிவத்தை ஒரே குழியில் சேர்த்து அளக்கும் வேலை மூன்றாம் ஓட்டத்தில்தான் கைகூடியது. முதல் இரண்டு ஓட்டங்கள் வீணானதற்கு பீட்ஸும் (புரதத்தைப் பிடிக்கும் நுண்மணிகள்) படிக்கும் கருவியும் காரணமில்லை. இன்குபேட்டர் கதவைத் திறந்ததிலிருந்து லைசேட் (செல்களை உடைத்து எடுத்த சாறு) குழாய் ஐஸில் உட்காரும்வரை உள்ள சில நிமிடங்களில்தான் எல்லாம் கெட்டது. அதனால் கிட்டோடு வரும் கையேட்டில் இருக்கும் படிகளைவிட, அதில் இல்லாத அந்த நிமிடங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவில் அதிகம் இருக்கிறது.

முறை இதுதான். சுமார் 6.5 மைக்ரான் அளவுள்ள காந்த பீட்ஸ். ஒவ்வொரு வகை பீடுக்குள்ளும் சாயக் கலவை வேறு. மேலே ஒரே ஒரு புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி. எட்டு வகையையும் கலந்து லைசேட்டோடு ஆட்டினால் அதனதன் புரதம் அதனதன் பீடில் ஒட்டும். பிறகு பாஸ்பேட் ஏறிய வடிவத்தை மட்டும் பிடிக்கும், பயோட்டின் ஏற்றிய பாஸ்போ ஆன்டிபாடி, அதன் மேல் பயோட்டினில் ஒட்டி ஒளிரும் ஸ்ட்ரெப்டாவிடின் பைக்கோஎரித்ரின். உள்ளே இருக்கும் சாயத்தை வைத்து இது எந்தப் புரதத்தின் பீட் என்று கருவி கண்டுபிடிக்கும். வெளியே எவ்வளவு பைக்கோஎரித்ரின் ஒட்டியிருக்கிறது என்று அளக்கும். கிடைக்கும் எண் ஒளிர்வின் மீடியன்; கூடத்தில் எல்லோரும் சொல்வது எம்எஃப்ஐ.

எட்டு எவை (செரின், திரியோனின், டைரோசின் என்பவை பாஸ்பேட் ஏறும் அமினோ அமிலங்கள், எண் புரதத்தில் அதன் இடம்): எர்க்1/2, ஜேஎன்கே, பி38 மூன்றும் திரியோனின், டைரோசின் இரண்டிலும் பாஸ்பேட் ஏறிய நிலையில், ஏகேடி செரின் 473, என்எஃப் கப்பா பி-யின் பி65 செரின் 536, க்ரெப் செரின் 133, ஸ்டாட்3 டைரோசின் 705, பி70 எஸ்6 கைனேஸ். கடைசியில் உள்ளதில் ஒரு குழப்பம் வரும். ஒரு நிறுவனத்தின் தாளில் திரியோனின் 389 என்றும் இன்னொன்றில் 412 என்றும் இருக்கும். இரண்டும் ஒரே இடம்தான்; குட்டை வடிவத்தில் எண்ணினால் 389, நீண்ட வடிவத்தில் எண்ணினால் 412. எர்க்கிலும் அப்படியே: எர்க்1-இல் 202, 204 என்பது எர்க்2-இல் 185, 187. ஆர்டர் போடும் முன் இதைச் சரிபார்க்காவிட்டால் ஒரே பொருளை இரண்டு முறை வாங்க நேரும்.

வெஸ்டர்ன் ப்ளாட் (புரதங்களை ஜெல்லில் பிரித்து ஆன்டிபாடியால் ஒவ்வொன்றாகப் பார்க்கும் முறை) ஏன் போதவில்லை என்பதற்குக் கணக்கு போதும். 42 மாதிரி, 15 தடமுள்ள ஜெல்லில் ஒரு தடம் அளவுகோலுக்குப் போனால் 14. ஆக 3 ஜெல். எட்டு புரதத்துக்கு 24 ப்ளாட். தடத்துக்கு 20 மைக்ரோகிராம் என்றால் ஒரு மாதிரியிலிருந்து 160 மைக்ரோகிராம் வேண்டும். ஆறு குழித் தட்டின் ஒரு குழியில் கிடைப்பதே மொத்தம் அவ்வளவுதான். பீட்ஸில் ஒரு குழிக்கு 10 மைக்ரோகிராம், இரட்டையாக வைத்தாலும் 20.

முதல் ஓட்டம்: தூண்டாமலே தூண்டப்பட்ட செல்கள்

கிட்டை முழுத் தட்டுக்குச் செலவழிக்காமல் 24 குழிக்கு மட்டும் பிரித்தோம். பீட்ஸ் 20 மடங்கு செறிவில் வருவதால் இது முடியும்: 35 மைக்ரோலிட்டர் எடுத்து 665 பஃபரில் கலந்தால் 700, குழிக்கு 25 வீதம் 600 போக மீதி பைபெட் இழப்புக்கு. ஒருமுறை நீர்த்ததை எடுத்து வைக்கக் கூடாது; செறிவாக உள்ளது 4 டிகிரியில் இருட்டில் இருக்கும்.

செல்கள் ஆறு குழித் தட்டில், குழிக்கு 3 லட்சம். இரண்டு நாளில் முக்கால்வாசி நிரம்பும். கடைசி 16 மணி நேரம் 0.5 சதவீத சீரத்தில் பட்டினி. பிறகு பழைய மீடியத்தை (செல் வளரும் திரவம்) உறிஞ்சி எடுத்துவிட்டு, 100 நானோகிராம்/மி.லி. இஜிஎஃப் (செல்லைத் தூண்டும் வளர்ச்சிக் காரணி) கலந்த புது மீடியத்தை ஊற்றினோம். கட்டுப்பாட்டுக் குழிக்கு வெறும் புது மீடியம்.

எர்க் எண் வந்தபோது கட்டுப்பாட்டுக்கும் 5 நிமிட இஜிஎஃப்புக்கும் இடையே இருக்க வேண்டிய பெரும் இடைவெளி இல்லை. இஜிஎஃப் குழி குறைவாக இல்லை. கட்டுப்பாடுதான் உயரத்தில் நின்றது. பி38-உம் அப்படியே. முதலில் சந்தேகப்பட்டது ஆன்டிபாடியின் பொதுவான ஒட்டலை. அது தவறான தடம். வெறும் பஃபர் வைத்த குழிகள் சுத்தமாக இருந்தன, அதிலேயே அந்தச் சந்தேகம் தீர்ந்திருக்க வேண்டும். இரண்டு நாள் தடுப்புப் புரதத்தை மாற்றி மாற்றிப் பார்த்ததுதான் மிச்சம்.

காரணம் மீடியம் மாற்றியது. பட்டினி கிடக்கும் செல் மேல் புது மீடியத்தை ஊற்றினாலே எர்க் சில நிமிடத்தில் ஏறும். திரவம் செல் மேல் உரசிப் போவதும், குளிர்வதும், பிஹெச் மாறுவதும் பி38-ஐ எழுப்பும். தட்டை வெளியே எடுத்து மேசையில் வைத்து ஒவ்வொரு குழியாக வேலை செய்தால் கடைசிக் குழி ஏழெட்டு நிமிடம் வெளியே நிற்கிறது. எர்க் உச்சத்துக்குப் போகவே 5 நிமிடம்தான்.

மாற்றியவை மூன்று. ஒன்று, மீடியத்தை மாற்றவே இல்லை. குழியில் 1.8 மி.லி. மீடியம் இருக்கும்படி முதல் நாளே வைத்து, தூண்டுபொருளைப் பத்து மடங்கு செறிவில் 0.2 மி.லி.யாகச் சேர்த்தோம். அந்த 0.2 மி.லி.யும் பக்கத்துத் தட்டில் இதே செல்கள் இருந்த பழைய பட்டினி மீடியம். 37 டிகிரியில், இன்குபேட்டருக்குள்ளேயே மூடி தளர்த்தி வைத்தது. கட்டுப்பாட்டுக்கும் அதே 0.2 மி.லி., தூண்டுபொருள் இல்லாமல். சுவரோரமாக மெதுவாக விட்டு, தட்டை இரண்டு முறை சாய்த்துக் கலக்க வேண்டும், சுழற்றக் கூடாது.

இரண்டு, நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுவது. 30 நிமிடக் குழிக்கு முதலில் சேர்த்து, 15 நிமிடக் குழிக்கு அடுத்து, 5 நிமிடக் குழிக்குக் கடைசியில். எல்லாக் குழியும் ஒரே வேளையில் லைசிஸுக்கு (செல்லை உடைப்பது) வரும். ஒரு தட்டில் உள்ள எல்லாக் குழிகளும் இன்குபேட்டர் கதவு திறந்த அதே எண்ணிக்கையைப் பார்த்திருக்கும். அதனால் கதவினால் வரும் அதிர்ச்சி எல்லோருக்கும் பொது.

மூன்று, இருவர் சேர்ந்து செய்வது. ஒருவர் கையில் கடிகாரம், இன்னொருவர் கையில் பைபெட். தனியாகச் செய்தால் ஒரு தட்டுக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்கவே வேண்டாம்.

இதற்கு மேல் ஒரு குழி எதுவுமே சேர்க்காமல், தொடாமல் விட்டு நேராக லைசிஸ் செய்தோம். இந்தத் தொடாத குழிக்கும் கட்டுப்பாட்டுக்கும் எர்க்கில் பெரிய வித்தியாசம் இருந்தால் கையாளுதலில் கோளாறு என்று அர்த்தம். அன்றைய மாதிரி முழுவதையும் கீழே கொட்டிவிடலாம். ஒரு குழிதான் செலவு. எந்த ஓட்டத்திலும் இதை விடக் கூடாது.

இரண்டாம் ஓட்டம்: மஞ்சள் வனடேட்

இன்னொரு 24 குழி. இந்த முறை கட்டுப்பாடு அடங்கி இருந்தது. ஆனால் தூண்டிய குழிகளில் விநோதமான அமைப்பு. ஏகேடி நன்றாக ஏறியது. பி65 ஏறியது. எர்க் ஏறியது, ஆனால் சோம்பலாக. ஜேஎன்கே, 25 மைக்ரோமோலார் அனிசோமைசின் (ஜேஎன்கே, பி38 இரண்டையும் எழுப்பும் மருந்து) 30 நிமிடம் கொடுத்த குழியில்கூட, தரையோடு தரை. பி38 பாதி. இன்டர்ஃபெரான் ஆல்ஃபா கொடுத்த குழியில் ஸ்டாட்3 அசையவே இல்லை.

இரண்டு கூட்டமாகப் பிரித்து எழுதினதும் விடை தெரிந்தது. நன்றாக இருந்தவை செரின் இடங்கள். விழுந்தவற்றில் எல்லாம் டைரோசின் இருக்கிறது: எர்க், ஜேஎன்கே, பி38 மூன்றுக்கும் இரட்டை இடம், அதில் ஒன்று டைரோசின், ஸ்டாட்3-இல் டைரோசின் மட்டும். இரட்டை இடத்தைப் பார்க்கும் ஆன்டிபாடிக்கு ஒரு பாஸ்பேட் உதிர்ந்தாலும் போதும், பிடிப்பு போய்விடும். ஆக, லைசிஸ் பஃபரில் உள்ளவற்றில், செரின் திரியோனின் பாஸ்பேட்டேஸ்களை (பாஸ்பேட்டைக் கழற்றும் என்சைம்கள்) தடுக்கும் சோடியம் ஃப்ளோரைடும் கிளிசரோபாஸ்பேட்டும் வேலை செய்திருக்கின்றன. டைரோசின் பாஸ்பேட்டேஸ்களைத் தடுக்க வேண்டிய சோடியம் ஆர்த்தோவனடேட் வேலை செய்யவில்லை.

குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தால் வனடேட் குழாய் இளமஞ்சள். மஞ்சள் என்றால் வனடேட் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு டெக்காவனடேட் ஆகிவிட்டது. அது தடுப்பானாக உதவாது. கொதிக்க வைத்துப் பிரிக்காமல் நேரடியாகக் கரைத்து வைத்திருந்த குழாய் அது. கூடவே இன்னொரு தவறு: லைசிஸ் பஃபர் செய்முறையில் இடிடிஏ (உலோக அயனிகளைப் பிடிக்கும் பொருள்) 5 மில்லிமோலார், வனடேட் 1 மில்லிமோலார். இடிடிஏ வனடேட்டைப் பிடித்துக்கொள்ளும்; இவ்வளவு மிகுதியாக இருந்தால் நல்ல வனடேட்டும் தடுக்கும் வேலையைச் செய்யாது. டிடிடி என்ற ஒடுக்கியைச் சேர்த்தால் அது வனடேட்டை ஒடுக்கி இன்னும் கெடுக்கும். வெஸ்டர்னுக்கு என்று வைத்திருந்த பஃபரை யோசிக்காமல் எடுத்ததால் வந்தது.

வனடேட் செய்யும் விதத்தை முழுதாகவே எழுதுகிறேன். 10 மி.லி.க்கு 200 மில்லிமோலார் வேண்டுமானால் சோடியம் ஆர்த்தோவனடேட் 0.368 கிராம். 9 மி.லி. தண்ணீரில் கரைத்து பிஹெச் 10-க்குக் கொண்டுவர வேண்டும். அமிலம் விட்டதும் மஞ்சளாகும், பயப்பட வேண்டாம். நிறம் முழுதாகப் போகும்வரை கொதிக்க வைக்க வேண்டும்; பத்து நிமிடம் போல ஆகும். அறை வெப்பத்துக்கு ஆறியதும் பிஹெச் மறுபடி அளந்தால் நகர்ந்திருக்கும். திரும்ப 10-க்குக் கொண்டுவந்து, மஞ்சள் வந்தால் திரும்பக் கொதி. பிஹெச் 10-இல் நின்று, நிறமற்றுத் தெளிவாக இருக்கும்வரை இதே சுற்று. மூன்று சுற்று தேவைப்பட்டது. 10 மி.லி.க்கு நிரப்பி, 100 மைக்ரோலிட்டர் துண்டுகளாக மைனஸ் 20-இல். எடுக்கும்போது மஞ்சள் தெரிந்தால் தூக்கிப் போட வேண்டும்.

இப்போது இருக்கும் பஃபர்: டிரிஸ் 20 மில்லிமோலார் பிஹெச் 7.5, சோடியம் குளோரைடு 150, இடிடிஏ 0.5, ட்ரைட்டான் எக்ஸ்-100 (மென்மையான டிடர்ஜென்ட்) 1 சதவீதம், சோடியம் ஃப்ளோரைடு 50, பீட்டா கிளிசரோபாஸ்பேட் 20, சோடியம் பைரோபாஸ்பேட் 2.5. இவை கலந்து 4 டிகிரியில் வைக்கலாம். வனடேட் 1 மில்லிமோலார், புரோட்டியேஸ் தடுப்பான் கலவை, பிஎம்எஸ்எஃப் (இதுவும் புரோட்டியேஸ் தடுப்பான்) 1 மில்லிமோலார் மூன்றும் பயன்படுத்தும் நேரத்தில். பிஎம்எஸ்எஃப் ஐசோபுரோப்பனாலில் 100 மில்லிமோலாராக இருக்கும். தண்ணீரில் விட்டதும் சிதையத் தொடங்கும் என்பதால் செல்லின் மேல் ஊற்றுவதற்குச் சற்று முன்புதான். புரோட்டியேஸ் கலவை இடிடிஏ இல்லாத வகையாக இருக்கட்டும்.

வனடேட்தான் குற்றவாளி என்று உறுதி செய்ய ஒரே நாள், ஒரே தட்டு, பாதிக் குழிக்குப் பழைய பஃபர், பாதிக்குப் புதியது. புதியதில் ஜேஎன்கே எழுந்தது, ஸ்டாட்3 எழுந்தது. ஏகேடியில் மாற்றம் இல்லை. இந்தச் சோதனைக்குக் கிட்டைத் தொடவில்லை. அளவு தெரிய வேண்டியதில்லை, இருக்கிறதா இல்லையா என்றுதான் கேள்வி. அதற்கு இரண்டு சிறு வெஸ்டர்ன் போதும்.

பீட்ஸ் எண்ணிக்கையும் க்ரெப்பும்

இரண்டாம் ஓட்டத்தில் இன்னொரு கோளாறும் இருந்தது. ஒரு குழியில் ஒவ்வொரு வகையிலும் குறைந்தது 50 பீட்ஸ் எண்ணப்பட வேண்டும். அதற்குக் கீழே போனால் அந்த மீடியனை நம்ப முடியாது. ஐந்து குழிகளில் 20, 30 என்று நின்றது. அந்த ஐந்தும் செல் அதிகம் இருந்த குழிகளின் லைசேட். பைபெட் நுனியிலிருந்து சளி போல இழுபட்டது. உடைந்த நியூக்ளியஸிலிருந்து வெளிவந்த டிஎன்ஏ. பீட்ஸை அது கட்டியாகச் சேர்த்துவிடும், கருவி கட்டியை எண்ணாது.

பென்சோனேஸ் போட்டால் டிஎன்ஏ வெட்டுப்படும்தான்; ஆனால் அதற்கு மக்னீசியம் வேண்டும், பஃபரில் இடிடிஏ இருக்கிறது. 26 கேஜ் ஊசியில் ஐந்து முறை இழுத்து விட்டதும் இழுவை போனது. 14,000 ஜி-யில் 4 டிகிரியில் 15 நிமிடம் சுற்றி, மேல்நீரை 0.65 மைக்ரான் வடிகட்டியில் விட்டதும் எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

க்ரெப் கதை வேறு. அனிசோமைசின், இஜிஎஃப் இரண்டிலும் க்ரெப் ஏற வேண்டும். ஏறியது, ஆனால் எண் வெறும் பஃபரை ஒட்டியே. காரணம் ஒரு சதவீத ட்ரைட்டான் மட்டும் நியூக்ளியஸில் டிஎன்ஏவோடு ஒட்டிய புரதத்தை முழுதாக வெளியே கொண்டுவராது. சுற்றும்போது குப்பையோடு கீழே போய்விடும். அடியில் தங்கிய குப்பையை எஸ்டிஎஸ்ஸில் (வலுவான டிடர்ஜென்ட்) கொதிக்க வைத்து வெஸ்டர்னில் ஓட்டினால் க்ரெப் அங்கே இருந்தது. பஃபரில் 0.1 சதவீத எஸ்டிஎஸ்ஸும் 0.5 சதவீத டீஆக்ஸிகோலேட்டும் சேர்த்து, தண்ணீர்க் குளியல் வகை சோனிகேட்டரில் ஐஸ் தண்ணீரில் 30 விநாடி ஓட்டம், 30 விநாடி ஓய்வு, ஐந்து சுற்று. க்ரெப் வந்தது. சோனிகேட்டர் டிஎன்ஏவையும் நறுக்குவதால் ஊசி வேலை தேவையில்லாமல் போயிற்று.

எஸ்டிஎஸ் என்றதும் பீட்ஸ் மேலுள்ள ஆன்டிபாடி சுருண்டுவிடுமே என்ற கவலை நியாயமானது. லைசேட்டை நான்கைந்து மடங்கு நீர்த்துத்தான் குழியில் விடுகிறோம், அங்கே 0.025 சதவீதத்துக்கும் குறைவு. மற்ற ஏழு புரதங்களையும் இரண்டு பஃபரிலும் ஓட்டி ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மாற்றினோம். உங்கள் பட்டியல் வேறாக இருந்தால் இந்த ஒப்பீட்டைச் செய்யாமல் எஸ்டிஎஸ் சேர்க்க வேண்டாம்.

லைசிஸுக்கு முன் செல்லைக் கழுவும் விஷயத்தில் ஒரு சின்னக் கணக்கு. குளிர்ந்த பிபிஎஸ் (உப்புக் கரைசல்) 2 மி.லி. ஒரே ஒரு முறை. அதற்கு மேல் கழுவுவது நேர விரயம், அந்த நேரத்தில் பாஸ்பேட் போகும். ஆனால் தட்டைச் சாய்த்து ஐந்து விநாடி வைத்து ஓரத்தில் தேங்குவதை உறிஞ்ச வேண்டும். 100 மைக்ரோலிட்டர் பிபிஎஸ் தங்கிவிட்டு, அதன் மேல் 100 மைக்ரோலிட்டர் லைசிஸ் பஃபர் விட்டால் வனடேட் முதல் ட்ரைட்டான் வரை எல்லாம் பாதியாகிவிடும். ட்ரிப்சின் போட்டு எடுக்கவே கூடாது, சுரண்டி மட்டும்.

எவ்வளவு விட்டால் நேர்கோட்டில் நிற்கும்

முதல் கிட்டில் மீந்த பீட்ஸில் இதற்குத்தான் செலவு. இஜிஎஃப், அனிசோமைசின், டிஎன்எஃப் (பி65-ஐ எழுப்பும் அழற்சிச் சமிக்ஞைப் புரதம்), இன்டர்ஃபெரான், இன்சுலின் லைசேட்களைச் சமமாகக் கலந்த ஒரு கலவை. எட்டும் அதில் ஏறியிருக்கும். குழிக்கு 20, 10, 5, 2.5, 1.25 மைக்ரோகிராம். பாதியாக்கினால் எண்ணும் ஏறத்தாழ பாதியாக வேண்டும். 20-இலிருந்து 10-க்கு எர்க் பாதியாகவில்லை, அதாவது மேலே தட்டையாகிவிட்டது. 10-லிருந்து 2.5 வரை எட்டும் ஒழுங்கு. 1.25-இல் ஜேஎன்கே பஃபர் அளவைத் தொட்டது. ஆகவே பாஸ்போவுக்கு 10.

பாஸ்பேட் ஏறியதும் ஏறாததும் சேர்ந்த மொத்தப் புரதத்துக்குத் தனித் தட்டு. ஒரே குழியில் பாஸ்போவையும் மொத்தத்தையும் சேர்க்க முடியாது. இரண்டுக்கும் ஒளிரும் சாயம் ஒன்றே, எது எதிலிருந்து வந்தது என்று கருவிக்குத் தெரியாது. மொத்த எர்க்கும் பி38-உம் 5 மைக்ரோகிராமுக்கு மேல் தட்டை. அங்கே 2.5 வைத்தோம். இரண்டு தட்டிலும் ஒரே அளவு விடுவதுதான் முறை என்று நினைத்திருந்தால் மொத்தப் புரதம் எல்லா மாதிரியிலும் ஒன்றுபோலத் தெரிந்திருக்கும், தவறான நிம்மதி கிடைத்திருக்கும்.

புரத அளவு பிசிஏ முறையில். டிடிடி இருந்தால் பிசிஏ தப்பாகக் காட்டும். இந்தப் பஃபரில் அது இல்லை. கிடைத்தது மி.லி.க்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிகிராம். எல்லாவற்றையும் 0.4-க்கு நீர்த்தால் 25 மைக்ரோலிட்டரில் 10 மைக்ரோகிராம். நீர்ப்பதற்கு முன், முதல் நாளே 30 மைக்ரோலிட்டர் துண்டுகளாக்கி மைனஸ் 80-இல். ஒருமுறை உருக்கியதைத் திரும்ப உறைய வைத்து அடுத்த தட்டுக்கு எடுக்கக் கூடாது.

ஒன்று இன்னொன்றாகத் தெரிகிறதா

எட்டு ஆன்டிபாடி ஒரே கலவையில் இருக்கும்போது ஒன்றின் ஒளி இன்னொன்றின் பீடில் விழக்கூடும். இரண்டு சோதனை. எட்டு வகை பீட்ஸும் இருக்க, பாஸ்போ ஆன்டிபாடியில் எர்க்குடையதை மட்டும் சேர்த்து ஒரு குழி. எர்க் பீட் தவிர எதுவும் ஒளிரக் கூடாது. இப்படி எட்டுக் குழி. தனித்தனிக் குப்பியாக வரும் கிட் என்பதால்தான் இது முடிந்தது. முன்கூட்டியே கலந்து விற்பதை வாங்கியிருந்தால் முடியாது. விலை கொஞ்சம் கூடினாலும் தனிக் குப்பியே மேல்.

அடுத்தது யூ0126 (எர்க்குக்கு மேலே உள்ள மெக் என்சைமைத் தடுப்பது), 10 மைக்ரோமோலார், ஒரு மணி நேரம் முன்னதாக, பிறகு 5 நிமிடம் இஜிஎஃப். மெக் தடுக்கப்பட்டால் எர்க் விழ வேண்டும், விழுந்தது. ஏகேடி அசையவில்லை. க்ரெப் ஓரளவு குறைந்தது. அதைக் கலப்பு ஒளி என்று எண்ணிவிட வேண்டாம்: எர்க்குக்குக் கீழே உள்ள ஆர்எஸ்கே, எம்எஸ்கே கைனேஸ்கள்தான் க்ரெப்பின் செரின் 133-க்குப் பாஸ்பேட் ஏற்றுகின்றன.

எதிர்க் கட்டுப்பாட்டுக்கு, பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் லாம்டா பாஸ்பேட்டேஸ். இதற்கென்று ஒரு குழியைத் தடுப்பான்களும் இடிடிஏவும் இல்லாத பஃபரில் லைசிஸ் செய்ய வேண்டும். 1 மில்லிமோலார் மாங்கனீசு குளோரைடு, 30 டிகிரி, 30 நிமிடம், பிறகு இடிடிஏ விட்டு நிறுத்தம். எல்லாத் தடுப்பானும் உள்ள சாதாரண லைசேட்டில் இந்த என்சைமை விட்டுவிட்டு எதுவும் குறையவில்லையே என்று திகைப்பது அடிக்கடி நடக்கும்.

முழுத் தட்டு

இரண்டாவது கிட், 96 குழி. மாதிரி 14: தொடாதது, டிஎம்எஸ்ஓ (மருந்தைக் கரைக்கும் திரவம்; இதுதான் கட்டுப்பாடு) 0.1 சதவீதம், இஜிஎஃப் 5, 15, 30 நிமிடம், அனிசோமைசின் 15, 30, டிஎன்எஃப் 20 நானோகிராம்/மி.லி. 5, 15, 30, இன்டர்ஃபெரான் 15, 30, இன்சுலின் 10, யூ0126 உடன் இஜிஎஃப். வெவ்வேறு நாளில் வளர்த்த மூன்று தொகுதி, 42. இரட்டையாக 84. வெறும் பஃபர் 4, லாம்டா 2, நேர்க் கலவை (எட்டும் ஏறிய அந்தக் கலவை) 2, மீதி 4 குழியில் ஒப்பிடும் பாலமாக ஒரே லைசேட்: இரண்டு குழி தட்டின் தொடக்கத்தில், இரண்டு கடைசியில். படிக்க ஒரு மணி நேரம் போல ஆகும்; தொடக்கமும் முடிவும் ஒத்துப்போனால் நடுவில் உள்ளதை நம்பலாம். ஒரு தொகுதியின் 14 மாதிரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காமல் தட்டெங்கும் பரப்பினோம்.

முதல் நாள் மாலை: பீட்ஸை 15 விநாடி வோர்டெக்ஸ், 15 விநாடி சோனிகேட்டர் குளியல். குழிக்கு பஃபர் 50, பத்து நிமிடம் ஆட்டிக் கொட்டு. பீட்ஸ் 25, லைசேட் 25. ஃபாயில் சுற்றி, 4 டிகிரியில் நிமிடத்துக்கு 700 சுற்று, 16 மணி நேரம். ஷேக்கரின் வட்டம் அகலமாக இருந்தால் 700-இல் திரவம் மூடியைத் தொடும். முதலில் சாயத் தண்ணீரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுநாள்: காந்தத் தட்டில் இரண்டு நிமிடம், கவிழ்த்துக் கொட்டு, 100 மைக்ரோலிட்டரில் இரண்டு முறை கழுவு. பயோட்டின் ஆன்டிபாடி 25, ஒரு மணி நேரம். கொட்டிவிட்டு ஸ்ட்ரெப்டாவிடின் பைக்கோஎரித்ரின் 25, 15 நிமிடம். அதன் மேலேயே பெருக்கும் பஃபர் 25, இன்னும் 15 நிமிடம். கொட்டி, 150-இல் கலக்கிப் படி. "அறை வெப்பம்" என்று கையேடு சொல்வது 20 முதல் 25 டிகிரி. ஏசி நின்று அறை 31-க்குப் போன பகலில் பஃபர் குழியின் எண்ணும் கூடவே ஏறியது. ஷேக்கரை ஏசி உள்ள அறைக்கு மாற்றினோம்.

கொட்டும்போது தட்டு காந்தத்தில் நன்றாகப் பூட்டியிருக்க வேண்டும். ஒரே வேகத்தில் கவிழ்த்து, தாளில் ஒருமுறை மட்டும் தட்டு. இரண்டாவது தட்டலில்தான் பீட்ஸ் போகும்.

எண்ணைக் கணக்கிடும் விதம் எளிது: பஃபர் குழிகளின் சராசரியைக் கழி, பாஸ்போவை மொத்தத்தால் வகு, அதைத் தொடாத குழியின் மடங்காக எழுது. இரட்டைக் குழிகள் 15 சதவீதத்துக்கு மேல் விலகினால் அந்த மாதிரி திரும்ப. ஒன்று மட்டும் கவனம்: விகிதம் 0.5 வந்தால் பாதிப் புரதத்தில் பாஸ்பேட் இருக்கிறது என்று பொருள் இல்லை. மேலே ஒரு ஆன்டிபாடி, கீழே வேறு ஆன்டிபாடி, இரண்டின் பிடிப்பும் வேறு. ஏகேடியின் விகிதத்தையும் எர்க்கின் விகிதத்தையும் பக்கத்தில் வைத்து எது அதிகம் என்று பேசவும் கூடாது. ஒரே புரதத்தை மாதிரிக்கு மாதிரி ஒப்பிடலாம், அவ்வளவே.

எர்க் 5 நிமிடத்தில் உச்சம் தொட்டு 30-இல் இறங்கியது. அனிசோமைசினில் ஜேஎன்கேவும் பி38-உம், டிஎன்எஃப்பில் பி65-உம், இன்டர்ஃபெரானில் ஸ்டாட்3-உம் எதிர்பார்த்த இடத்தில் நின்றன. லாம்டா குழிகள் எட்டிலும் பஃபரை ஒட்டி. தொடாத குழியும் டிஎம்எஸ்ஓ குழியும் மூன்று தொகுதியிலும் ஒன்றாகவே இருந்தன. அந்த ஒன்றைத்தான் முதலில் பார்த்தோம்.

செலவில் பெரும்பகுதி கிட். ஒவ்வொன்றும் லட்ச ரூபாயைத் தாண்டும், பாஸ்போவுக்கு ஒன்று, மொத்தத்துக்கு ஒன்று. வனடேட், ஃப்ளோரைடு, கிளிசரோபாஸ்பேட் எல்லாம் சேர்த்தாலும் அதன் பக்கத்தில் வைக்க முடியாத சிறு தொகை. முதல் 48 குழிகளில் வீணானது அரைக் கிட்; அதில் பெரும்பங்கைச் சாதாரண வெஸ்டர்னில் முன்கூட்டியே பிடித்திருக்கலாம். அதனால் அடுத்த முறை, பீட்ஸ் குப்பியைத் திறக்கும் முன், ஒவ்வொரு தொகுதி லைசேட்டிலும் தொடாதது, டிஎம்எஸ்ஓ, இஜிஎஃப் 5, அனிசோமைசின் 30 என்று நான்கு தடம் ஓட்டி எர்க்கும் ஜேஎன்கேவும் மட்டும் பார்ப்போம். எர்க் கையாளுதலைக் காட்டிக்கொடுக்கும், ஜேஎன்கே வனடேட்டைக் காட்டிக்கொடுக்கும். இரட்டைக் குழியை ஒற்றையாக்கி, மிச்சமாகும் 42 குழியில் இன்னும் மூன்று தொகுதி வைக்கலாம். இரட்டைகளின் விலகலைவிடத் தொகுதிக்குத் தொகுதி விலகல்தான் பெரிதாக இருந்தது. வனடேட் குழாய்களின் மூடியில் செய்த தேதியோடு "நிறம் பார்" என்றும் எழுதி வைத்திருக்கிறோம்.